முகம் தெரியாத அரட்டை: நண்பர்களோடு சினிமா பாட்காஸ்ட் தொடங்க

படம் முடிந்து வெளியே வந்ததும் நண்பர்கள் நாலு பேர் நின்று பேசுகிற பேச்சுக்கு ஈடே கிடையாது. அதையே பதிவு செய்து மறுநாள் கேட்டால் பத்து நிமிடம் தாங்காது. பேச்சில் குறை ஒன்றும் இல்லை. நேரில் பேசும்போது பாதி வேலையைக் கையும் புருவமும் செய்துவிடுகின்றன. "அந்த சீன்ல அவன் இப்படித் திரும்புவான் பாரு" என்று ஒருவர் திரும்பிக் காட்டுவார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காதால் மட்டும் கேட்கிறவருக்கு அந்த இடத்தில் மூன்று விநாடி மௌனமும், காரணம் தெரியாத சிரிப்பும்தான் மிச்சம். ஆள் எத்தனை, மைக் எங்கே, சண்டையை எப்படிப் போடுவது என்று கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு சங்கடத்தைத் தீர்ப்பதற்காகத்தான்.

எத்தனை பேர், யார் யார்

மூன்று பேர் போதும். நான்கு பேரானால் புதிதாகக் கேட்கிறவருக்குக் குரல் குழம்பும். ஒருவர் வாய் திறக்க இடம் கிடைக்காமல் கடைசிவரை "ஆமா ஆமா" என்றே ஓட்டிவிடுவார். இரண்டு பேராக இருந்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் நிகழ்ச்சி கிடையாது. தவிரவும், இருவரை வைத்து வாரா வாரம் நடத்த நல்ல உரசல் வேண்டும். 1975-இல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சியில் ஜீன் சிஸ்கெல், ரோஜர் ஈபர்ட் என்ற இரண்டு விமர்சகர்களைச் சேர்த்து உட்காரவைத்துத் தொடங்கிய நிகழ்ச்சி இந்த வகைக்கே முன்னோடி. இருவரும் ஒரே நகரத்தின் போட்டிப் பத்திரிகைகளில் எழுதியவர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். உயிர் நண்பர்கள் இரண்டு பேரிடம் அந்தச் சூடு மூன்றாவது வாரத்துக்கு மேல் தாங்காது.

மூவரில் ஒருவர் நெறியாளர். சினிமா அதிகம் தெரிந்தவரை அங்கே உட்காரவைக்காதீர்கள், அவர் பேச வேண்டியவர். மனம் நோகாமல் இடைமறிக்கத் தெரிந்தவரை, கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ளவரைப் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் அவர் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லித்தான் பேச்சைக் கைமாற்ற வேண்டும்: "கவி, நீ சொல்லு", "இதுக்கு ரஹீம் ஒத்துக்க மாட்டான்னு நினைக்கிறேன்." நேரில் இப்படிப் பேசினால் செயற்கையாக இருக்கும். கேட்கிறவருக்கோ எந்தக் குரல் யாருடையது என்று பிடிபட வேறு வழி கிடையாது.

பதிவுக்கு முந்தைய வாரம்

படம் பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து வரி எழுதிவிடுங்கள்: மனதில் நின்ற ஒரு காட்சி, மணி பார்த்த ஒரு காட்சி, ஒரு வசனம், ஒலியிலோ இசையிலோ கவனித்த ஒன்று, விடை கிடைக்காத ஒரு கேள்வி. மறுநாள் எழுதினால் காட்சி போய்விடும், அபிப்பிராயம் மட்டும் தங்கியிருக்கும். அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச முடியாது. ஓடிடியில் பார்க்கிறவர்கள் நேரக் குறியையும் சேர்த்து எழுதலாம், '47:10, படிக்கட்டு' என்கிற மாதிரி. இரண்டாம் முறை முழுப் படமும் பார்க்கத் தேவையில்லை. சர்ச்சைக்கு வரும் என்று தோன்றுகிற இரண்டு மூன்று காட்சிகள் போதும்.

பதிவு முடியும்வரை விமர்சனம் எதையும் படிக்க வேண்டாம். அதைவிட முக்கியம், வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நல்ல சண்டை ஒரு தடவைதான் வரும். செவ்வாய்க்கிழமை குழுவில் போட்டதை ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் மறுபடி போட்டால் ஆறிப்போன சோற்றைச் சூடாக்கியது போலத்தான் இருக்கும். அவரவர் தீர்ப்பை ஒரு வரியிலும், காரணங்களை மூன்று வரியிலும் நெறியாளருக்குத் தனியாக அனுப்பட்டும். எங்கே மோதுகிறது என்று அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மூவருக்கும் படம் பிடித்துப்போய்விட்டால்? ஒருவரை எதிர்க்கட்சியாக நடிக்கவைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், பொய்க் கோபம் குரலில் உடனே தெரிந்துவிடும். கேள்வியை மாற்றிவிடுங்கள். 'படம் எப்படி' என்பதை விட்டுவிட்டு, 'எந்தப் பாத்திரத்துக்கு இந்தப் படம் அநியாயம் செய்தது', 'பத்து நிமிடம் முன்பே முடித்திருந்தால் எந்த இடத்தில் முடித்திருக்கலாம்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கருத்துள்ள மூவரும் இங்கே பிரிந்துவிடுவார்கள்.

தொடர்கள் என்றால் ஒரு எல்லைக்கோடு கட்டாயம்: "நான்காம் எபிசோட் வரை." மூவரில் மெதுவாகப் பார்க்கிறவர் எங்கே இருக்கிறாரோ அதுதான் கோடு. சீசனை ஒரே இரவில் முடித்துவிட்டு வந்தவர் யூகம் எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. "பொறுத்திருந்து பாரேன்" என்று அவர் சொல்வதே ஸ்பாய்லர்தான்.

சண்டை போடும் முறை

கருத்து வேறுபாட்டில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, தகவல் பற்றியது: ஒளிப்பதிவு யார், எந்த வருடம் வந்தது. இதை மைக் முன்னால் விவாதிக்க வேண்டாம். நிறுத்தித் தேடிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை எடிட்டில் வெட்டிவிடுங்கள். இரண்டாவது, ருசி பற்றியது: "எனக்குப் பேய்ப் படமே ஆகாது." இதற்குப் பதில் வாதம் கிடையாது. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். மூன்றாவது, படம் எதைச் செய்யப் பார்த்தது, அது நடந்ததா என்பது. பேசத் தகுந்தது இது ஒன்றுதான். நெறியாளரின் வேலையே மற்ற இரண்டையும் இதன் பக்கம் தள்ளிவிடுவது.

அதற்கு ஒரே ஒரு விதி போதும். செம, மொக்கை, இழுவை, வேற லெவல் என்று யார் சொன்னாலும் இருபது விநாடிக்குள் ஒரு காட்சியைக் காட்டியாக வேண்டும். கற்பனையாக ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்:

"ரெண்டாம் பாதி சரியான இழுவை."

"எனக்கு அப்படித் தோணலையே டா."

இதோடு பேச்சு செத்துவிட்டது. இனி இருவரும் குரலை உயர்த்தி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே நெறியாளர் நுழைகிறார்: "எந்த சீன்ல மணி பார்த்த?"

"தங்கச்சி லெட்டர் படிக்கிற சீன். லெட்டர்ல என்ன இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அவ முழுசாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்."

"அவ படிக்கிறது நமக்காக இல்லையே. கேமரா முழுக்க அம்மா முகத்துலதான் இருக்கு. அம்மாவுக்கு இப்பத்தான் விஷயம் தெரியுது."

"அப்போ அந்த அம்மாவை அதுக்கு முன்னாடி ரெண்டு சீன்லயாவது ஒழுங்கா காட்டியிருக்கணும். யாருன்னே தெரியாத முகத்தை ரெண்டு நிமிஷம் பார்த்தா எனக்கு என்ன ஆகும்?"

இப்போது 'இழுவை' என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது. யாருக்கு எந்தத் தகவல் எப்போது தெரிகிறது என்பதுதான் சண்டை. படம் பார்க்காதவர்கூட இதில் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளலாம்.

எடிட்டிங் வேகம் பற்றித் தகராறு வந்தால் எண்ணிப் பார்த்துவிடுங்கள். அந்தக் காட்சியில் ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் மேசையில் ஒரு தட்டு. இருபது தட்டு விழுந்தால் ஒரு ஷாட் சராசரியாக மூன்று விநாடி. 'மெதுவான படம்' என்று எல்லாரும் சொல்கிற படத்தில் வெட்டுகள் நெருக்கமாக விழுவதும் உண்டு. அப்படியானால் மந்தம் வெட்டில் இல்லை, புதிதாக எதுவும் தெரியவராததில் இருக்கிறது.

"என்ன நடிப்புடா" என்று சொல்லும் முன்பும் ஒரு நிதானம் நல்லது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுக்கு முன்பே ஒன்றைக் காட்டினார்: உணர்ச்சி ஏதும் இல்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்பை அடுத்து ஒட்டினால் பசியாகத் தெரியும், சவப்பெட்டியை அடுத்து ஒட்டினால் துக்கமாகத் தெரியும். எனவே அந்த முகத்துக்கு முந்தைய ஷாட் என்ன என்று கேட்டுவிட்டுப் பாராட்டைப் பங்கு பிரியுங்கள். (ஒளிப்பதிவு பிரமாதம் என்று சொல்லப்படுவதில் பாதி, மலை அழகாக இருந்தது என்பதுதான். அதையும் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.)

ஒருவர் பேசும்போது "ம்... ம்... கரெக்ட்" போடுகிற பழக்கத்தை விடுவது கடினம். ஆனாலும் தலையை மட்டும் ஆட்டப் பழகுங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் விரலை உயர்த்தினால் போதும், நெறியாளர் வரிசை கொடுப்பார். இரண்டு குரல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கேட்கிறவருக்கு இரண்டுமே புரியாது.

ஒரு மணி நேரத்தைப் பங்கிடுவது

கதைச் சுருக்கம் 90 விநாடி, அதற்கு மேல் ஒரு விநாடியும் கிடையாது. எழுதிவைத்துப் படிக்க வேண்டிய ஒரே பகுதி இதுதான். எழுதாமல் சொன்னால், "அப்புறம் என்ன ஆகுதுன்னா..." என்று தொடங்கிப் பதினைந்து நிமிடம் கதையே ஓடும். புதிய நிகழ்ச்சிகளைக் கொல்வதில் முதல் குற்றவாளி இந்த 'என்ன ஆகுதுன்னா'தான்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடம் முடிச்சை அவிழ்க்காமல் பேசுங்கள். அதன் பிறகு மூன்று விநாடி இசை, "இனி முழுக் கதையும் பேசப்போகிறோம்" என்று ஒரு வாக்கியம், எபிசோட் விவரத்தில் அந்த நேரக் குறி. வாய் தவறிச் சொல்லிவிட்டு "சாரி, ஸ்பாய்லர்" என்பதில் யாருக்கும் பயனில்லை. எபிசோட் தலைப்பில் யார் சாகிறார் என்பது இருக்கக் கூடாது. சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் அடிக்கடி நடக்கிறது. முழுக் கதைப் பகுதிக்கு அரை மணி நேரம். மிச்சத்தில் அந்த வார டிரெய்லர், தொடர், மீம் என்று எதையாவது லேசாகத் தொட்டு முடித்துவிடலாம்.

அறையும் மைக்கும்

முதலில் அறை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். தட்டலின் வால் 'ங்' என்று நீண்டால் அந்த அறை வேண்டாம். கட்டில், மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள அறைதான் ஸ்டுடியோ. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். போன்களை ஃபிளைட் மோடில் போடுங்கள். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று இருக்கட்டும். வாதம் சூடேறினால் மேசையில் குத்துகிற ஆள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார்.

ஆளுக்கு ஒரு மைக். மேசை நடுவில் ஒரே மைக்கை வைத்து மூவரும் பேசுவதுதான் எல்லாரும் முதலில் செய்கிற தவறு. பேச்சைவிட அறைதான் அதிகம் பதிவாகும். டைனமிக் வகை (அருகில் உள்ள ஒலியையே முக்கியமாகப் பிடிப்பது), கார்டியாய்டு அமைப்புள்ள (முன்பக்க ஒலியை அதிகமாக எடுப்பது) மைக் வாங்குங்கள். கண்டென்சர் மைக்கின் நுணுக்கம் நல்ல ஸ்டுடியோவுக்குச் சரி, வீட்டில் அது பக்கத்து வீட்டுக் குக்கரையும் சேர்த்துப் பிடிக்கும். மைக்கே இல்லையென்றால் அவரவர் போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பதிவு செய்யலாம். நடு மேசை மைக்கைவிட அது நன்றாகவே வரும்.

வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர். மைக் நேர் எதிரே வேண்டாம். வாயின் ஓரத்திலிருந்து 30, 45 டிகிரி சாய்வாக வையுங்கள். சினிமா பேசுகிறவர்களுக்கு இது கூடுதல் அவசியம், ஏனென்றால் படம், பாட்டு, பாத்திரம், பின்னணி என்று நம் வாயில் வருவதெல்லாம் பகரம். ஒவ்வொரு 'ப'வுக்கும் உதட்டிலிருந்து கிளம்புகிற காற்று நேராக மைக்கில் மோதினால் 'டப்' என்று குண்டு விழும்.

இரண்டு மைக்குகளுக்கு நடுவே இருக்கும் தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்: 15 சென்டிமீட்டர் என்றால் 45. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். உங்கள் குரல் உங்கள் மைக்கிலும், சற்றுத் தாமதமாகப் பக்கத்து மைக்கிலும் ஏறி இரண்டும் கலந்தால், குழாய்க்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். எடிட்டில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஒலி அளவைச் சிரிப்பை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று சொல்லி அளவு வைத்தால் முதல் நகைச்சுவையிலேயே மீட்டர் சிவப்பைத் தொடும். மீட்டரில் பூஜ்யம்தான் உச்ச எல்லை. சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும், வெடிச்சிரிப்பும் மைனஸ் 3-ஐத் தாண்ட வேண்டாம். பூஜ்யத்தில் மோதித் தட்டையான ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. சற்றுக் குறைவாகப் பதிவானதை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

பதிவுக்கு வைக்க வேண்டிய அமைப்பு: 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஆளுக்கு ஒரு டிராக் (தனி ஒலித்தடம்). ஒரு குரலுக்கு மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி ஆகும், மூவருக்கு ஒன்றரை ஜிபிக்குச் சற்று மேல். முதல் நாளே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே கணினியில் மூன்று யூஎஸ்பி மைக்குகளைச் சொருகுவது வம்பு, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் சொருகி உள்ள) மைக்குகளும், அவற்றைக் கணினியோடு இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும்தான் நேர்வழி. தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள், பின்னால் இரைச்சல் நீக்க அது தேவைப்படும்.

ஆளுக்கொரு ஊரில் இருந்தால்

வீடியோ அழைப்பைப் பேசிக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, அவரவர் குரலை அவரவர் இடத்திலேயே பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், இல்லையென்றால் மற்றவர் குரல் உங்கள் மைக்கில் ஏறி எதிரொலிக்கும். அழைப்பையும் தனியாகப் பதிவு செய்துவையுங்கள். அது தரத்துக்காக அல்ல, பிறகு மூன்று டிராக்கையும் அதன் மேல் பொருத்திப் பார்க்க.

தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. முடிவில் எதற்கு என்றால், எந்த இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேர முடிவில் 0.18 விநாடி விலகிவிடும். ஜோக்குக்கு முன்னாலேயே சிரிப்பு வருகிற பாட்காஸ்ட்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். யாரும் பேசாத இடங்களில் வெட்டி, டிராக்கைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்.

எடிட்

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம், போதுமானது. வரிசை மாறாமல் செய்யுங்கள்: பொருத்துதல், பேச்சை வெட்டுதல், இரைச்சல் நீக்கம், கனத்த ஒலி வடிகட்டல், கம்ப்ரஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), கடைசியில் ஒட்டுமொத்த அளவு. ஒலியை முதலில் மெருகேற்றிவிட்டு அப்புறம் பாதியை வெட்டி எறிவதில் ஒரு மாலைப் பொழுது வீணாகும்.

75 நிமிடப் பதிவு 50 நிமிடமாகக் குறைவது ஆரோக்கியமான அறிகுறி. எதை வெட்டுவது என்று தயங்கினால், "அதைப் பார்த்தாதான் தெரியும்" என்று யாராவது சொல்கிற இடங்களிலிருந்து தொடங்குங்கள். "ம்", "வந்து" எல்லாவற்றையும் துடைத்து எடுக்க வேண்டாம். மனிதர் பேசுவது போல இருக்காது, செய்தி வாசிப்பது போலாகிவிடும்.

இரைச்சல் நீக்கம் 6 முதல் 10 டெசிபலோடு நிற்கட்டும், மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிட்டால் மேசை அதிர்வும் தெரு உறுமலும் குறையும். கம்ப்ரஷன் விகிதம் 3:1. ஒட்டுமொத்த அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரிகிற சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பதும் இதையேதான். மோனோவாக (ஒரே சேனலில்) ஏற்றுமதி செய்கிறவர்கள், ஆடாசிட்டியின் ஒலியளவுச் சீராக்கத்தில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் அளவு கணக்கே மாறிவிடும். எம்பி3, மோனோ, 96 கிலோபிட் போதும். ஒரு மணி நேரம் 43 எம்பி அளவில் வரும்.

வெளியிடும்போது

ஆர்எஸ்எஸ் ஓடை (புது எபிசோட்களைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் பட்டியல்) தருகிற ஏதாவதொரு ஹோஸ்டிங் சேவையில் ஏற்றி, அந்த ஓடையின் முகவரியை ஒரு முறை பாட்காஸ்ட் செயலிகளில் பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு புது எபிசோட்களை அவை தாமாகவே எடுத்துக்கொள்ளும். அட்டைப்படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்செல். போன் திரையில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும் என்பதை நினைவில் வைத்து எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். படத்தின் சுவரொட்டியை எடுத்துப் போடக் கூடாது.

பாட்டும் வசனத் துணுக்கும் போடும் ஆசை வரும். '30 விநாடிவரை போட்டால் பிரச்சினை இல்லை' என்பது வதந்தி, அப்படிப் பொதுவான விலக்கு எதுவும் கிடையாது. விமர்சனத்துக்காகச் சிறு பகுதியைக் காட்ட அனுமதிக்கும் சட்டங்கள் உண்டு என்றாலும் நாட்டுக்கு நாடு மாறும், தானியங்கிச் சோதனைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. பாட்டை யாராவது ஒருவர் வாயால் விவரிக்கட்டும். நடிகர்களின் குடும்ப விவகாரத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். ஆதாரமில்லாத ஒரு வாக்கியம் வழக்குவரை போகும்.

முதல் எபிசோடை வெளியிடும் முன் மூன்றைப் பதிவு செய்து கையில் வைத்திருங்கள். முதலாவது எப்படியும் சுமாராகத்தான் வரும், மூன்றாவதைக் கொண்டு தொடங்குவதில் தவறில்லை. புதுப் படப் பேச்சு மட்டும் இருப்பில் வைத்தால் கெட்டுப்போகும். படம் வந்த வாரத்துக்குள் போய்விட வேண்டும். அதனால் இருப்புக்கு வைக்கிற இரண்டும் பழைய படம், தொடர், 'மறுபடி மறுபடி பார்க்கிற காட்சிகள்' போன்ற தலைப்பாக இருக்கட்டும்.

வெளியான பிறகு ஒருவர் பெயரைத் தவறாகச் சொன்னது தெரிந்தால் எபிசோடை நீக்க வேண்டாம். திருத்திய கோப்பை அதே பதிவில் மாற்றி ஏற்றுங்கள், புதிதாகத் தரவிறக்குகிறவர்களுக்கு அதுதான் போகும். இதற்காகவே எடிட் கோப்பையும் மூலப் பதிவுகளையும் மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.